பொம்பளப்பிள்ளைக்கு எலக்ட்ரீஷியன் ஐடிஐ: நெல்லைப் பக்கத்திலேயே வேலை கிடைக்குமா?

தறிவீடு (வீரவநல்லூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு வீரவநல்லூர். கைத்தறி நெசவுதான் தொழில். மகள் இந்த வருஷம் பத்தாவது முடித்தாள். அரசுப் பள்ளி, 368 மார்க். பிளஸ் ஒன் சேர்த்து, அப்புறம் என்ஜினீயரிங் படிக்க வைக்கலாம் என்று என் மச்சினன் சொல்கிறான். அவளோ பேட்டை ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

திடீரென்று வந்த ஆசை இல்லை. வீட்டில் தார் சுற்றுகிற ராட்டையில் ஒரு சின்ன மோட்டார் மாட்டியிருக்கிறோம். போன வருஷம் அது நின்றுபோனபோது, கழற்றிப் பார்த்துவிட்டு கார்பன் பிரஷ் தேய்ந்துபோச்சு என்று சொன்னவள் அவள்தான். கடையில் போய் அதே அளவு பிரஷ் வாங்கி வந்து அவளே மாட்டினாள். அன்றிலிருந்து தெருவில் மிக்ஸி ஓடவில்லை, அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை என்றால் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறார்கள்.

எனக்கு இருக்கிற கவலைகளைச் சொல்கிறேன். அவள் ஒரே பிள்ளை. அவளை ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று அனுப்ப எங்களுக்கு மனசில்லை. அவளுக்கும் போக விருப்பமில்லை. காலையில் போய் ராத்திரி வீடு திரும்புகிற தூரத்தில் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா? பெண் பிள்ளையை எலக்ட்ரிக்கல் வேலைக்கு எடுப்பார்களா? ஐடிஐ சேர்ந்தால் படிப்பு அதோடு முடிந்துவிடும், பின்னாடி வருத்தப்படுவாள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுத்தமல்லி ஃபிட்டர்:

அண்ணாச்சி, நான் சொல்வது கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் ஃபிட்டர் முடித்தவன். முடித்த கையோடு ஒரு தனியார் கம்பெனியில் டிரெயினி என்று எடுத்தார்கள். வருஷம் போனதே தவிர டிரெயினி என்ற பெயர் மாறவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஊதியச் சீட்டு கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்பார்கள், கான்ட்ராக்டர் கம்பெனியைக் கேள் என்பார். கடைசியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொந்தமாக கிரில் வேலை, வெல்டிங் பார்க்கிறேன். கைத்தொழில் தெரிந்ததால் பட்டினி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐடிஐ சர்டிபிகேட்டைப் பார்த்து யாரும் கூப்பிட்டு வேலை கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பிளஸ் டூ வரைக்குமாவது படிக்க வையுங்கள்.

ராதாபுரம் காத்தாடி:

அண்ணாச்சி, பிள்ளை தானாக விரும்பிக் கேட்கிறாள் என்றால் சேர்த்துவிடுங்கள். நானும் பேட்டையில்தான் எலக்ட்ரீஷியன் படித்தேன். இப்போது ராதாபுரம் பக்கம் காத்தாடிகளை, அதாவது கரண்ட் எடுக்கிற காற்றாலைகளை, பராமரிக்கிற கம்பெனியில் சைட் பொறுப்பு. வீடு வள்ளியூரில். காத்து சீசன் தவிர மற்ற மாதங்களில் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஊரிலேயே வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நான் பதில் தேடுகிற வழி ஒன்றுதான். நம்ம வட்டாரத்தில் எந்த மெஷின் இடம்பெயர முடியாமல் நிற்கிறது என்று பாருங்கள். முப்பந்தலில் தொடங்கி பணகுடி, ராதாபுரம் வரை காத்தாடி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காத்தை யாரும் வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை இந்தியா சுதந்திரம் வாங்கிய காலத்திலிருந்து நிற்கிறது. பாபநாசத்தில் அதற்கும் முன்னாடியே வந்த நீர்மின் நிலையம். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் என்ஜின் சோதனை மையம். கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலை, டாடா பவரின் சோலார் ஆலை. இதெல்லாம் பெரிய பெயர்கள். பெயரில்லாமல் நிற்பது இதைவிட அதிகம்: ஒவ்வொரு அரிசி ஆலையும், ஒவ்வொரு ஐஸ் கம்பெனியும், ஆற்றோரத்துக் குடிநீர்த் திட்டத்து பம்ப் ஒவ்வொன்றும், வாழைத் தோட்டத்து மோட்டார் ஒவ்வொன்றும்.

இவை நின்றுபோனால் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போய் ரிப்பேர் பார்க்க முடியாது. அரை மணி நேரத்தில் ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். அந்த ஆள் இந்த ஊர்க்காரராகத்தான் இருக்க முடியும். பொருள் செய்கிற வேலைக்கு எந்த மாநிலத்திலிருந்தும் பஸ் வைத்து ஆள் இறக்குவார்கள், நாம் கண்ணால் பார்க்கிறோம். பராமரிப்பு வேலைக்கு அப்படி இறக்கிக் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஊரிலேயே இருக்க நினைக்கிற பிள்ளைகளிடம் நான் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர், மோட்டார் மெக்கானிக், ஏசி மெக்கானிக் இவற்றில் ஒன்றை எடுங்கள் என்று சொல்கிறேன். நின்றதை ஓட வைக்கிற டிரேடுகள் இவை.

எங்கள் வேலை என்ன என்று தெரிந்தால் உங்களுக்கு ஒரு தெளிவு கிடைக்கும். மே கடைசியில் தென்மேற்குக் காத்து பிடித்தால் செப்டம்பர் தாண்டியும் அடிக்கும். வருஷத்து வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில்தான். அந்த நேரத்தில் ஒரு மெஷின் ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு அது திரும்பி வராத காசு. ஆகவே காத்து வரும் முன்னாடி, மாசி பங்குனி வெயிலில் எல்லா வேலையையும் முடித்தாக வேண்டும். டவர் ஏறி, உச்சியில் இருக்கிற பெட்டிக்குள் கியர் ஆயில் பார்ப்பது, பிரேக் பேட் அளப்பது, போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கம் பார்த்து முறுக்குகிற ஸ்பேனர்) வைத்து முறுக்குவது. முறுக்கிய போல்ட்டில் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுவோம். அடுத்த முறை ஏறும்போது அந்தக் கோடு உடைந்து, இரண்டு துண்டும் விலகி நின்றால் போல்ட் இளகியிருக்கிறது என்று அர்த்தம். இருட்டில் டார்ச் அடித்து அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிற பொறுமைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இன்னொரு பாதி வேலை கீழே, மெஷினின் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல் முன்னால். எங்களிடம் 250 கிலோவாட் பழைய மெஷின்கள் நிறைய. அவை ஓட கிரிட்டிலிருந்து (மின்வாரிய லைனிலிருந்து) ரியாக்டிவ் பவர் இழுக்கும், அதாவது வேலையாக மாறாமல் காந்தப்புலத்துக்காகப் போய்வருகிற மின்சாரம். அதைக் குறைக்க கெபாசிட்டர் பேங்க் (கெபாசிட்டர்களின் தொகுப்பு) வைத்திருப்பார்கள். காத்து கூடக் கூட ஒவ்வொரு கெபாசிட்டராக உள்ளே சேரும், குறையக் குறைய விலகும். இந்தச் சேர்ப்பையும் விலக்கையும் செய்கிற கான்டாக்டர் என்ற தானியங்கி ஸ்விட்ச் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அடித்து, முனைகள் குழி விழுந்து கருகிப்போகும். கருகியதைப் பார்த்து இது கான்டாக்டர் கோளாறா, கெபாசிட்டர் உப்பியதால் வந்த கோளாறா என்று சொல்லத் தெரிந்தவர்தான் எலக்ட்ரீஷியன். கார்பன் பிரஷ் தேய்ந்துபோச்சு என்று உங்கள் மகள் சொன்னாளே, அதே கண்தான் இங்கேயும் வேண்டும். பழைய காத்தாடிகளைப் புதுப்பிக்கவும் மாற்றி அமைக்கவும் தமிழ்நாடு அரசு 2024ல் தனிக் கொள்கையே போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் முதல் காத்தாடிகள் 1986ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் நட்டவை. அதற்கப்புறம் தொண்ணூறுகளில் வந்த மெஷின்களுக்கெல்லாம் இப்போது வயசாகிவிட்டது. கழற்றுகிற வேலை, மாற்றுகிற வேலை, ஓட வைக்கிற வேலை மூன்றும் இங்கேயேதான் நடக்கும்.

அடுத்தது, தம்பி சுத்தமல்லி சொன்னது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதற்குத்தான் ஐடிஐக்குப் பிறகு வருகிற அப்ரண்டிஸ் வருஷத்தை நான் பெரிதாகச் சொல்வேன். 1961ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கம்பெனிக்கும் பிள்ளைக்கும் ஒப்பந்தம் போட்டு, அதை அரசு போர்ட்டலில் பதிய வேண்டும். மாத உதவித்தொகை உண்டு. கடைசியில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வரும். கம்பெனி தானாக வைத்துக்கொள்கிற டிரெயினிக்கு இது எதுவும் கிடையாது. வேலை ஒன்றுதான், சட்டத்துக்கு முன்னால் இரண்டும் வேறு. சேருகிற அன்றைக்கே ஒப்பந்தப் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாவிட்டால் அது அப்ரண்டிஸ் இல்லை. கூடங்குளம் அணுமின் நிலையம், அரசு போக்குவரத்துக் கழகம் எல்லாம் ஐடிஐ முடித்தவர்களை அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் அப்ரண்டிஸ் செய்த ஆலையில் ஒரு பெரிய எலக்ட்ரீஷியன் இருந்தார். லைனில் சப்ளை இல்லை என்று யார் சொன்னாலும் அவர் கை வைக்க மாட்டார். முதலில் டெஸ்ட் லேம்ப்பை ஓடுகிற லைனில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். அப்புறம் வேலை செய்ய வேண்டிய லைனில் வைப்பார், எரியக் கூடாது. அப்புறம் மறுபடியும் ஓடுகிற லைனில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். நடுவில் பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால்? அதற்குத்தான் மூன்றாவது முறை. இது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ஷிப்ட் முடிகிற அவசரத்திலும் ஒரு மனிதர் அந்த மூன்றாவது முறையை விடாமல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நம் கைக்கு வரும். எங்கள் சைட்டில் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

படிப்பு முடிந்துவிடுமா என்று கேட்டீர்கள். முடியாது. எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம். பத்தாவதுக்கு மேல் இரண்டு வருஷ ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாளும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்குச் சமம் என்று தமிழ்நாட்டில் சான்றிதழ் தருகிறார்கள். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருஷத்துக்கும் வழி இருக்கிறது. என்னோடு படித்த ஒருவர் அந்த வழியாகவே போய் இப்போது என்ஜினீயர். கல்லூரிக்குப் போகும்போதே மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவராகப் போனார். அந்த வித்தியாசம் வகுப்பில் நன்றாகத் தெரிந்ததாகச் சொல்வார்.

பணம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனியாக வரும், ஐடிஐக்கும் பொருந்தும். உங்களுக்கு செங்கோட்டை லைன் ரயில் இருக்கிறது, வீரவநல்லூரில் ஏறினால் பேட்டை ஸ்டேஷனில் இறங்கலாம்.

தனியார் ஐடிஐயில் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் ஒன்றைப் பாருங்கள். அந்த டிரேடுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா? கட்டிடத்துக்கு முன்னால் போர்டு வைத்திருப்பதை நம்ப வேண்டாம். மகேந்திரகிரியில் டெக்னீஷியன் வேலைக்குக் கூப்பிடும்போது என்சிவிடி சான்றிதழைத்தான் கேட்பார்கள். அது இல்லாமல் இரண்டு வருஷம் படித்துவிட்டு விண்ணப்பமே போட முடியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பணத்தைக் கட்டி, வயசையும் கட்டி, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சிப்காட் தங்கச்சி:

அண்ணாச்சி, பெண் பிள்ளையை எடுப்பார்களா என்று கேட்டதால் நான் எழுதுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஐடிஐ. கங்கைகொண்டானில் சோலார் மாட்யூல் (சோலார் பேனல்) செய்கிற லைனில் வேலை. எங்கள் லைனில் பெரும்பாலும் பெண்கள்தான். அம்பை, முக்கூடல், மானூர் என்று பல ஊர்ப் பிள்ளைகள். கம்பெனி பஸ் வரும்.

வேலை எப்படி என்றால், செல்களை வரிசையாக வைத்து மெல்லிய ரிப்பனால் சால்டர் செய்கிற மெஷினுக்கு ஸ்டிரிங்கர் என்று பெயர். அங்கிருந்து கண்ணாடியோடு சேர்த்து லாமினேஷன், அப்புறம் ஃபிரேம், ஜங்ஷன் பாக்ஸ், கடைசியில் செயற்கை வெளிச்சம் அடித்து எத்தனை வாட் வருகிறது என்று டெஸ்ட். நான் ஸ்டிரிங்கர் பக்கம். ரிப்பன் ஒரு மயிரிழை விலகினாலும் சோதனைக்கு எடுக்கிற படத்தில் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

ராதாபுரம் அண்ணன் சொன்னதை நான் இங்கே தினமும் பார்க்கிறேன். மெஷின் ஓடும்வரை ஆபரேட்டர் நாங்கள். நின்றுவிட்டால் எல்லார் கண்ணும் மெயின்டெனன்ஸ் ஆட்கள் மேலேதான். மெயின்டெனன்ஸில் பெண்கள் குறைவு. எடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை, எலக்ட்ரீஷியன் படித்த பெண்கள் வருவதே குறைவு. பெண்கள் எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், தையல் என்றுதான் போகிறார்கள். உங்கள் மகள் எலக்ட்ரீஷியன் முடித்து வந்தால் நேராக அந்தப் பக்கம் கேட்கலாம். மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஸ்டார்ட்டர் வயரிங், மோட்டார் இரண்டையும் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் ஸ்டார்-டெல்டா (பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்கிற இணைப்பு முறை) வரையச் சொல்வார்கள்.

அம்பை ஒய்ண்டிங்:

நான் அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எல்லாரும் கம்பெனியைப் பற்றியே பேசுகிறீர்கள், கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை.

கார் பருவம், பிசானம் இரண்டு பருவத்துக்கும் எனக்கு வேலை ஓயாது. வயலில் மோட்டார் கருகினால் அன்றைக்கே வேண்டும், பயிர் காத்திருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை முழுக்க மோட்டார்கள் தண்ணீருக்குள் போயின. கடை வாசலில் நடக்க இடமில்லாமல் வரிசையாக இறக்கி வைத்தார்கள். சேற்றைக் கழுவி, காய வைத்து, மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) போட்டுப் பார்த்து, தேறுகிறதைத் தேற்றி, மற்றதற்கு முழுக்கக் காயில் மாற்றிக் கொடுத்தோம். கைக்கு ஆள் கிடைக்காமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐடிஐ பிள்ளைகள் எல்லாரும் கம்பெனி என்று போய்விடுகிறார்கள்.

இந்த வேலை பலத்தை நம்பி நடப்பதில்லை. பழைய காயிலை வெட்டி எடுக்கும்போது எத்தனை சுற்று, எந்த கேஜ் (தடிமன்) கம்பி, காயில் உட்காருகிற பள்ளங்களில் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு சுற்று விட்டுப்போனாலும் மோட்டார் காட்டிக்கொடுக்கும். ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் தாளை மடித்து வைத்து, கம்பியின் எனாமல் உரியாமல் ஒவ்வொரு இழையாக உள்ளே இறக்க வேண்டும். நெசவு வீட்டில் நூலோடு வளர்ந்த பிள்ளைக்கு இழை எண்ணுவதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அண்ணாச்சி, லீவு நாட்களில் மகளை அனுப்புங்கள். என் வீட்டம்மாவும் கடையில்தான் இருப்பாள், காயில் சுற்றுவது அவள்தான். முதலில் எண்ணிக்கை எழுதுகிற நோட்டைக் கொடுக்கிறேன்.

தறிவீடு (வீரவநல்லூர்):

எல்லாருக்கும் நன்றி. எல்லா பதிலையும் மகளிடம் படித்துக் காட்டினேன். டெஸ்ட் லேம்ப் விஷயத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். ராதாபுரம் அண்ணனிடம் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். அம்பையிலும் அரசு ஐடிஐ இருக்கிறதே, எங்களுக்கு அது பக்கம். அதுவா, பேட்டையா? புதிதாக ரோபோடிக்ஸ், எலக்ட்ரிக் வண்டி என்றெல்லாம் டிரேடு வந்திருப்பதாக மச்சினன் சொல்கிறான். அதை எடுத்தால் நல்லதா? அப்புறம், உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் சைட்டில் பெண்கள் வேலை பார்க்கிறார்களா?

ராதாபுரம் காத்தாடி:

கடைசிக் கேள்விக்கு முதலில். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் பெண்கள் இருக்கிறார்கள். எந்த மெஷின் நின்றது, மெஷின் காட்டுகிற கோளாறு எண் என்ன, யாரை அனுப்புவது என்று பார்ப்பது அவர்கள்தான். டவர் ஏற இதுவரை ஒரு பெண்ணும் எங்கள் சைட்டுக்கு வரவில்லை. ஏணியில் ஏறுவதற்குப் பயிற்சி, பெல்ட், இடையிடையே நின்று ஏற மேடை எல்லாம் இருக்கிறது. உயரம் பயமில்லாத பெண் பிள்ளை வந்தால் நானே கூட ஏறிக் கற்றுத்தருவேன். மனசார எழுதுகிறேன். ஆனால் எலக்ட்ரீஷியன் என்றால் டவர் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சப்-ஸ்டேஷன், பேனல், மீட்டரிங், மோட்டார் என்று தரையிலேயே ஓர் உலகம் இருக்கிறது. வீட்டுக் கூரை சோலாரையும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். பேனல் மாட்டியவர் போய்விடுவார். இன்வெர்ட்டர் ஃபால்ட் காட்டினால் யார் வருவது? வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வருகிறாள் என்றால் எத்தனை வீட்டில் நிம்மதியாகக் கதவைத் திறப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்பையா பேட்டையா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். எலக்ட்ரீஷியன் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், காட்டுவார்கள். மோட்டார் தூசி படிந்து மூடிக் கிடக்கிறதா, பிள்ளைகள் கழற்றிப் பூட்டுகிறார்களா? வயரிங் போர்டில் ஆணி அடித்த தழும்பு நிறைய இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. பெண் பிள்ளைகள் எத்தனை பேர், கழிப்பறை ஒர்க்‌ஷாப் பக்கத்தில் இருக்கிறதா, அதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நான்கு பெண் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிற இடமாக இருந்தால் அவளுக்கு எளிது.

புது டிரேடுகள் பற்றி. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற கடைசல் மெஷின்), எலக்ட்ரிக் வண்டி என்று நல்ல நல்ல மெஷின்கள் இறங்கியிருக்கின்றன. நல்ல காரியம், பிள்ளைகள் அந்த மெஷின்களைத் தொட்டுப் படிக்கட்டும். ஆனால் உங்கள் கேள்வி ஊரிலேயே வேலை. நெல்லையைச் சுற்றி இன்றைக்கு ரோபோ வைத்து ஓடுகிற ஆலைகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அந்தப் படிப்புக்கு ஓசூர், கோவை, சென்னைப் பக்கம்தான் கதவு அகலம். எலக்ட்ரீஷியன் முடித்தவள் பிறகு ஒரு வருஷ ஆட்டோமேஷன் டிரேடும் சேர்த்துப் படிக்கலாம். முதலில் எலக்ட்ரீஷியன், இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கும் எலக்ட்ரீஷியன், வயர்மேன் டிரேடுகளைத்தான் கேட்கிறார்கள். ஐடிஐ, டிப்ளமோ தகுதிக்கென்று டிஎன்பிஎஸ்சி தனித் தேர்வு நடத்துகிறது. படிக்கும்போதே அந்தப் பாடத்திட்டத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளட்டும்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் சில வருஷம் குறைவாகத்தான் இருக்கும். சென்னையில் அதே வேலைக்குக் கூடக் கொடுப்பார்கள், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. எங்கே சேர்ந்தாலும் பிஎஃப், இஎஸ்ஐ எண் கையில் வந்ததா என்று முதல் மாதமே பாருங்கள். தம்பி சுத்தமல்லி, உங்களுக்கும் சொல்கிறேன், உங்கள் பழைய கம்பெனி பிஎஃப் பிடித்திருந்தால் அந்தப் பணம் இன்னும் உங்கள் கணக்கில்தான் இருக்கும். யுஏஎன் எண்ணை (பிஎஃப் உறுப்பினருக்குத் தருகிற எண்) வைத்துப் பாருங்கள், விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் தளத்தில். பத்தாவது ரிசல்ட் வந்ததும் திறந்துவிடுவார்கள். நெட் சென்டரில் கொடுத்து அவசரமாகப் போட வேண்டாம், ஐடிஐயிலேயே உதவி மையம் வைத்திருப்பார்கள், அங்கே போய்ப் போடுங்கள். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ போதும். புதுமைப் பெண் பணம் வர அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். அதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். டிரேடு விருப்பம் கேட்கிற இடத்தில் எலக்ட்ரீஷியனை முதலிலும், வயர்மேனை இரண்டாவதாகவும் போடுங்கள். நிரப்புகிறவர் பெண் பிள்ளைதானே என்று தையலையோ கம்ப்யூட்டரையோ மேலே போட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிவீடு (வீரவநல்லூர்):

வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆதார் இணைப்பை நாளைக்குப் பார்க்கிறேன். திங்கட்கிழமை பேட்டைக்கும் புதன்கிழமை அம்பைக்கும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். அம்பைக்கு வரும்போது ஒய்ண்டிங் அண்ணன் கடைக்கும் வருகிறோம். கடை எந்தத் தெரு?

அம்பை ஒய்ண்டிங்:

தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன் அண்ணாச்சி. பதினோரு மணிக்கு மேல் வாங்க, காலையில் தோட்டங்களுக்கு மோட்டார் இறக்கப் போயிருப்பேன்.